நீரை அறிந்து அணுகுவோம்

நுழையும்முன்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் வாழ்கிறோம். ஆயினும், நீரின் இயல்பைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவு? ஆபத்து என்று அஞ்சி விலகி நிற்பதா, இயல்பை அறிந்து அணுகுவதா? நண்பர் ஒருவரின் படகில் சென்று உப்பங்கழிக் கரையில் தங்கிய இரண்டு நாள் பட்டறிவைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கருத்துக் கட்டுரை.

பாலத்தின் மேல் நின்று பார்ப்பவர்கள்

ஸ்ரீ விஜயபுரம் என்று இன்று வழங்கும் போர்ட் பிளேயர் நகரை ஒட்டி, ஒரு பாலத்தால் அதனோடு இணைந்து கிடக்கும் சிறு தீவு சாத்தம். ஆங்கிலேயர் அந்தமானில் தம் முதல் குடியேற்றத்தை 1789-ஆம் ஆண்டு அமைத்தது இத்தீவில்தான். 1883-இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலை இன்றும் இதன் அடையாளமாக விளங்குகிறது. ஆலைக்கு அருகிலுள்ள படகுத்துறையிலிருந்து மக்களும் வண்டிகளும் எதிர்க்கரையிலுள்ள பாம்பூ பிளாட்டுக்குக் கடந்து செல்கின்றனர். சாத்தத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர் கண்ணில் படும்.

ஆனால், தமிழகத்திலிருந்து வேலைக்காகவும் வணிகத்துக்காகவும் இங்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுள் எனக்குத் தெரிந்த பலர், அப்பாலத்தின் மேல் நின்று கடலைப் பார்த்திருக்கிறார்களே அன்றி, சிறு படகு ஒன்றில் ஒருமுறையேனும் அமர்ந்ததில்லை. நீந்தத் தெரிந்தவர் மிகச் சிலர். நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கேட்டால் விடை சொல்வோர் அவரினும் சிலர். என் மகனும் மகளும் சென்ற ஆண்டு வரை இந்நிலையில்தான் இருந்தனர்.

இதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சமே. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையை இத்தீவுகளில் வாழ்ந்த எவரும் மறக்க இயலாது. தென் அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் விளைநிலத்துள் கடல்நீர் புகுந்து நிலைத்துவிட்டது. வட அந்தமானிலோ நிலம் உயர்ந்து, நீருள் இருந்த பவளப் பாறைகள் வெளியே தெரிந்தன. அந்நாளைக் கண்ட பெற்றோர், “கடல் பக்கம் போகாதே” என்று பிள்ளைகளைத் தடுப்பதில் வியப்பில்லை. அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். எனக்கும் அது உண்டு. எனினும், அச்சம் மட்டும் பிள்ளைகளைக் காக்குமா என்பதே என் கேள்வி.

நண்பர் விதித்த மூன்று கட்டளைகள்

சாத்தத்தில் என் நண்பர் ஒருவர் வாழ்கிறார். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒடுங்கிய மரப்படகு ஒன்று அவருக்குச் சொந்தமாக உண்டு. இத்தகைய சிறு படகை இத்தீவு மக்கள் டுங்கி என்று அழைப்பர். சிறு இயந்திரம் பொருத்தப்பட்டது. ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழையை ஊன்றித் தள்ளிச் செல்லலாம். மாசி மாதத்தில், முழுநிலவுக்கு மறுநாள் சனிக்கிழமையாக அமைந்தது. “பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். கழிக்கரையில் ஓர் இரவு தங்கி வரலாம்” என்றார் நண்பர்.

அந்தமானில் பேராறுகள் இல்லை. வட அந்தமானில் திக்லிப்பூர்ப் பகுதியில் ஓடும் கல்போங் ஒன்றே ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறாகச் சொல்லப்படுகிறது. ஏனைய இடங்களில், கடல்நீர் நிலத்தினுள் புகுந்து வளைந்து செல்லும் உப்பங்கழிகளே தீவு மக்களுக்கு ஆறு போன்றவை. அவற்றின் இரு கரைகளிலும் சுரபுன்னை முதலிய அலையாத்தி மரங்கள் செறிந்து நிற்கும்.

நான் தயங்கினேன். நண்பர் என் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல், மூன்று கட்டளைகளைச் சொன்னார். ஒன்று: படகில் ஏறியது முதல் இறங்கும் வரை யாரும் உயிர்காப்பு மேலாடையைக் கழற்றக் கூடாது. இரண்டு: செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று: படகில் படகோட்டியின் சொல்லே முடிவு, வயதோ பதவியோ அங்குப் பேசக் கூடாது. இம்மூன்றையும் கேட்ட பின்புதான் எனக்குத் துணிவு பிறந்தது. ஆபத்தே இல்லை என்று அவர் கூறியிருந்தால் நான் சென்றிருக்க மாட்டேன்.

நிலவே கடிகாரம்

காலை எட்டு மணிக்குச் சாத்தத்திலிருந்து புறப்பட்டோம். நீர் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தோடு சேர்ந்து படகு உள்துறைமுகத்தின் மேற்குப் பக்கம் நோக்கிச் சென்றது. பெரிய கப்பல்கள் பின்னால் சிறுத்து மறைந்தன. கழியின் வாயை அடைந்ததும் நண்பர் இயந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று எழுந்த அமைதியில், மரவேர்களுக்கிடையே நீர் புகும் மெல்லிய ஒலியைப் பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டனர்.

பத்து மணியளவில் நண்பருடைய உறவினரின் தென்னந்தோப்பை அடைந்தோம். நீர்விளிம்பிலிருந்து தொலைவாக, மேட்டில் கூடாரம் அமைத்தோம். “கரையோரத்தில் போட்டால் அழகாக இருக்குமே” என்றாள் மகள். நண்பர் கழிக்கரையைச் சுட்டிக் காட்டி, “அது முதலையின் வாசல், அம்மா. பிறர் வாசலில் பாய் விரிக்கலாமா?” என்றார். உவர்நீர் முதலை, இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. கழி அதன் வீடு, நாம் விருந்தினர். ஆகவே, கழியில் யாரும் குளிக்கவில்லை. மீனைக் கழுவிய நீரையும் செதிலையும் நீரோரத்தில் கொட்டவில்லை. அவற்றின் மணம் முதலையை அழைக்கும். மாலை மங்கிய பின் யாரும் விளிம்புக்குச் செல்லவில்லை. அடுப்பெரிக்க உதிர்ந்து காய்ந்த தென்னை மட்டைகளையே பயன்படுத்தினோம். அலையாத்தி மரத்தின் ஒரு கிளையைக்கூட ஒடிக்கவில்லை.

அன்று இரவு பதினொரு மணியளவில் நண்பர் எங்களை எழுப்பினார். மேட்டில் நின்றபடியே பார்த்தோம். மாலையில் வெறும் சேறாகக் கிடந்த இடமெல்லாம் நிலவொளியில் நீராக மின்னியது. ஓசை ஏதும் இன்றி அவ்வளவு நீர் வந்து நின்றிருந்தது. மீண்டும் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது அந்நீர் முழுவதும் வடிந்திருந்தது. சேற்றின்மீது நண்டுகள் ஓடின. அப்பால், ஒரு கனத்த உடல் சறுக்கி நீருக்குள் இறங்கிய தடம் நீண்டு கிடந்தது. முந்திய நாள் கூடாரம் அமைக்க மகள் விரும்பிய இடத்திற்கும் அத்தடத்திற்கும் இடையே இருந்த தொலைவு சில அடிகளே. அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டாள்.

நண்பர் அப்போது ஏற்றவற்றத்தின் கணக்கை விளக்கினார். நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழியும். ஆதலால், ஒவ்வொரு நாளும் ஏற்றம் முந்திய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். முழுநிலவு, மறைநிலவு நாள்களை ஒட்டி ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். “நகரத்தில் என் கைக்கடிகாரம் போதும். கழிக்குள் வந்தால் நிலவுதான் கடிகாரம்” என்றார்.

ஒரு மறுப்பும் அதன் பொருளும்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கே நண்பர் கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார். பிள்ளைகள் முகம் சுளித்தனர். சமைத்து உண்டுவிட்டு மூன்று மணிக்குப் புறப்படலாம் என்று கெஞ்சினர். உண்மையைச் சொன்னால், நானும் அவர்கள் பக்கமே நின்றேன். வானம் தெளிவாக இருந்தது. கழி நிறைய நீர் இருந்தது. அவசரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நண்பர் சிரித்துக்கொண்டே மூன்றாம் கட்டளையை நினைவூட்டினார். மனமின்றிப் படகில் ஏறினோம்.

சாத்தத்தை அடைந்து, பொருள்களை இறக்கி, உணவருந்தி, மாலை நான்கரை மணிக்குப் படகுத்துறைக்கு மீண்டும் வந்தோம். துறையின் தூண்களில் காலையில் நீருக்குள் இருந்த பகுதி பாசியும் சிப்பியுமாக வெளியே தெரிந்தது. “இப்போது அந்தக் கழி எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்” என்றார் நண்பர். மகன் சற்றே சிந்தித்து, “மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் படகு சேற்றில் தட்டியிருக்கும். அடுத்த ஏற்றத்துக்கு நடு இரவு ஆகியிருக்கும்” என்றான். முதலைகள் உலவும் கழியில், இருட்டில், சேற்றில் சிக்கிய படகுக்குள் இரு பிள்ளைகளோடு நாங்கள் அமர்ந்திருக்கும் காட்சி என் கண்முன் தோன்றியது. நீர் நிறைந்திருந்தபோதே புறப்பட வேண்டும் என்ற அறிவு என்னிடம் இல்லை, நண்பரிடம் இருந்தது. அன்று எங்களைக் காத்தது என் அச்சம் அன்று; அவருடைய அறிவே.

ஒவ்வொரு நீருக்கும் ஒரு முறை உண்டு

உலகில் படகோடு வாழும் மக்கள் யாவரும் தத்தம் நீரின் முறையைக் கற்றே வாழ்கின்றனர். இங்கிலாந்தில் ‘நேரோபோட்’ எனப்படும் ஒடுங்கிய நீள் படகுகளில் விடுமுறையைக் கழிப்போர் பலர். அவற்றையே வீடாகக் கொண்டோரும் உளர். அங்குள்ள பழைய கால்வாய் மதகுகளுள் நுழைவதற்கேற்ப அப்படகுகளின் அகலம் ஏறத்தாழ ஏழடி மட்டுமே. மணிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டருக்கு மேல் விரைந்து செல்ல அக்கால்வாய்களில் இசைவில்லை. விரைந்தால் எழும் அலைகள் கரையை அரிக்கும். அங்குக் கற்க வேண்டியது மதகின் முறை. இங்குக் கற்க வேண்டியது நிலவின் முறை.

தமிழகத்திலும் இத்தகைய நீர்ப்பயணம் புதிதன்று. சென்னை வழியாகச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் பாய்விரித்தும், கழையூன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகள் செலுத்தப்பட்டன. பாவேந்தர் பாரதிதாசன் 1934-இல் நண்பர்களோடு அக்கால்வாய் வழியே மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றார். ‘மாவலிபுரச் செலவு’ என்னும் அவருடைய கவிதை அப்பயணத்தில் பிறந்ததே. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் இன்றும் அலையாத்திக் காட்டினூடே படகுகள் செல்கின்றன.

நீரோடு நாம் கொண்டிருந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்கு நம் மொழியே சான்று. படகு, தோணி, ஓடம், வள்ளம், பரிசல், கட்டுமரம், கலம், நாவாய் என்று எத்தனை பெயர்கள்! கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திலும் சென்று வழங்குகிறது. கழி, ஓதம், கண்டல், நெய்தல் ஆகியவை சங்க இலக்கியத்தில் பயிலும் சொற்கள். ஓதம் என்றால் பெருகி எழும் கடல்நீர். அச்சொல்லை நூலில் படித்தபோது என் பிள்ளைகள் அதன் பொருளை மனப்பாடம் செய்தனர். அன்றிரவு மேட்டில் நின்று பார்த்தபோதுதான் அறிந்தனர்.

அறிவு காத்த உயிர்கள்

நீரைப் பற்றிய அறிவு உயிர்காக்கும் என்பதற்கு 2004-ஆம் ஆண்டே இரு சான்றுகளைத் தருகிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் பெற்றோருடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தாள் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி. கடல்நீர் நுரைத்து வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்பு புவியியல் வகுப்பில் ஆழிப்பேரலையின் அறிகுறிகளைக் கற்றிருந்தாள். உடனே பெற்றோரை எச்சரித்தாள். அக்கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டு உயிர் பிழைத்தனர்.

இந்தோனேசியாவின் சிமலுவே தீவு, நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கு 1907-இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. நிலம் வலுவாக நடுங்கி, பின் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்னும் பாடத்தை, ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டிலும் கதையிலும் வைத்துப் பாட்டனார் பேரனுக்குச் சொல்லி வந்தனர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துப் பேரலை வந்தபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் அலையால் இறந்தோர் ஒரு சிலரே. அம்மக்கள் கடலைவிட்டு விலகி வாழ்ந்தவர்கள் அல்லர். கடலை அறிந்து வாழ்ந்தவர்கள்.

சிலர் கேட்கக் கூடியவை

“எவ்வளவு அறிந்தாலும் நீர் ஆபத்தானதுதானே?” என்று சிலர் கேட்கலாம். ஆம். அதனால்தான் பிள்ளைகள் தனியே செல்லக் கூடாது என்கிறேன். நீரை அறிந்த பெரியவர் உடனிருக்க வேண்டும். உயிர்காப்பு மேலாடை வேண்டும். வானிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் கைவிட வேண்டும். சாலையும் ஆபத்தானதே. அதற்காக நாம் பிள்ளைகளை வீட்டிலேயே அடைத்து வைப்பதில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்று, சாலையைக் கடக்கக் கற்பிக்கிறோம்.

“எல்லோரும் கழிக்கரைக்குச் சென்றால் காடு அழியாதா?” என்று கேட்பது நேர்மையான கேள்வி. எங்கும் எவரும் சென்று தங்கலாம் என்று நான் கூறவில்லை. காட்டு நிலத்தில் தங்க வனத்துறையின் இசைவு வேண்டும். பிறர் நிலத்தில் தங்க உரியவரின் இசைவு வேண்டும். பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகள் அவர்களுடைய வாழ்விடம். சட்டம் தடுத்துள்ள அவ்விடங்களுக்கு நாம் செல்லவே கூடாது. கொண்டு சென்ற ஞெகிழிப் பையும் குப்பியும் நம்மோடு திரும்பி வர வேண்டும். நாங்கள் திரும்பியபோது குப்பைப் பை ஒன்று கூடுதலாக வந்தது. கழியில் மிதந்து வந்த பிறருடைய குப்பிகளை என் மகள் பொறுக்கி அதில் சேர்த்திருந்தாள்.

“படகுள்ள நண்பர் எல்லோருக்கும் வாய்ப்பாரா?” என்பது மூன்றாவது கேள்வி. வாய்க்க மாட்டார். எனவேதான் இதைக் குடும்பங்களின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கருதுகிறேன். தீவில் உள்ள ஒவ்வொரு பள்ளியும் மாணவருக்கு நீச்சலும், ஏற்றவற்ற அட்டவணையைப் படிக்கும் முறையும், ஆழிப்பேரலையின் அறிகுறிகளும் கற்பிக்க வேண்டும். நீரில் தொழில் செய்வோரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். பட்டம் பெறாத படகோட்டியும் தம் துறையில் பேராசிரியரே. இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை, மனமே தேவை.

முடிவாக

பயணம் முடிந்து திங்கட்கிழமை காலை, பள்ளிக்குச் செல்லும் வழியில் என் மகன் பாலத்தின் மேல் நின்றான். வழக்கம்போல் கப்பல்களைப் பார்க்கவில்லை. பாலத்தின் கீழே நீரைப் பார்த்தான். “இன்றைக்கு ஏற்றம் பன்னிரண்டரை மணிக்கு மேல்தான்” என்றான். அவன் குரலில் அச்சம் இல்லை, செருக்கும் இல்லை. அண்டை வீட்டாரின் பழக்கவழக்கத்தை அறிந்தவன் பேசுவதுபோல் பேசினான்.

நம் பெற்றோரும் பாட்டனாரும் கடல் கடந்து இங்கு வந்தனர். நாமோ கடலின் நடுவிலேயே வளர்கிறோம். இந்நீரை வெறும் காட்சியாகப் பார்ப்பதும் குற்றம்; எமனாக எண்ணி ஒதுக்குவதும் குற்றம். அதனோடு முறையறிந்து பழகுவதே தீவில் வாழ்வோர்க்கு அழகு. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவோம். ஆனால், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை முதலில் அறிவோம்.

கற்பவை கற்றபின்

1. பெரியவர் ஒருவர் துணையோடு படகுத்துறைக்குச் சென்று, ஏழு நாள்கள் ஒரே நேரத்தில் தூண் ஒன்றின் நீர்மட்டத்தைக் கவனித்து அட்டவணைப்படுத்துக. நாள்தோறும் காணும் மாற்றத்துக்குக் காரணம் எழுதுக.

2. நண்பர் விதித்த மூன்று கட்டளைகளுள் மிக இன்றியமையாதது எது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. கட்டுரையாளரின் கருத்தோடு நீவிர் மாறுபடும் இடம் ஒன்றைக் குறிப்பிட்டு, மறுப்புரையாக ஒரு பத்தி எழுதுக.

4. உம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்தம் ஊரில் ஆறு, ஏரி, கடல், படகு ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுக்க.